உனக்கு ஒரு பாட்டு இருக்கு

பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போதுதான் அந்த யோசனை வந்தது. கண்டியிலிருந்து வரும் வத்தேகம பஸ். மழைக்குக் கண்ணாடிகளை எல்லாம் அடைத்திருந்தார்கள். உள்ளே ஈரக் குடைகளின் நாற்றம். சாரதி எஃப்.எம். போட்டிருந்தார். தொலைபேசியில் பேசி நேரடியாகப் பாட்டுக் கேட்கும் நிகழ்ச்சி. ஒரு பையன் இணைப்பில் வந்து, சாப்பிட்டீங்களா, அங்கேயும் மழையா என்று அறிவிப்பாளரிடம் குழைந்துகொண்டிருந்தான். அவர் சிரித்துவிட்டு, எல்லோரிடமும் கேட்கும் கேள்வியைக் கேட்டார்: "சரி, இந்தப் பாட்டை யாருக்காகக் கேக்குறீங்க?"

அந்த நேரம் பார்த்து பஸ் நின்றது. வெளியே அந்தத் தரிப்பிடம். கண்ணாடியைக் கையால் துடைத்துவிட்டுப் பார்த்தேன். வெள்ளைக் கல்லில் கறுப்பு எழுத்து: இயற்கை அனர்த்தத்தில் உயிர்நீத்தோர் நினைவாக. கீழே மூன்று பெயர்கள். அதற்கும் கீழே, அந்த மூன்றையும் ஒன்றாக உருக்கி ஊற்றினாலும் வராத பருமனில், தரிப்பிடத்தைக் கட்டிக்கொடுத்த முதலாளியின் பெயர்.

ஆறு மாதமாக அந்தக் கல்லைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு போகிறவள் நான். அன்றைக்குத்தான் அந்தக் கேள்வியும் அந்தக் கல்லும் ஒன்றாக வந்து மண்டையில் மோதின. இறங்கும்வரை என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. நல்ல சிரிப்பு அல்ல. பக்கத்தில் நின்ற பெண் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டாள்.

யோசனையைச் சொல்லும் முன் அக்காவைச் சொல்ல வேண்டும். கூடப்பிறந்தவள் அல்ல, வானொலி நேயர் மன்றத்தில் கிடைத்த அக்கா. பெயரை எழுதப் போவதில்லை. கல்லில் அந்தப் பெயரை வெட்டும்போது நடுவில் ஒரு எழுத்தை விழுங்கிவிட்டார்கள். வேறு யாருக்கும் அப்படி நடந்திருந்தால் விட்டுவிடலாம். அக்காவுக்கு நடந்ததை விடக்கூடாது. ஒருமுறை அவள் வானொலிக்குப் பாட்டுக் கேட்டு எழுதியபோது ஓர் அறிவிப்பாளர் அவளுடைய பெயரில் நெடிலைக் குறிலாக்கி வாசித்துவிட்டார். அக்கா அதே பாட்டுக்கு மறுபடி தபாலட்டை போட்டாள். அவர் மறுபடியும் தப்பாக வாசித்தார். மறுபடி அட்டை. கேட்டுக் கேட்டு எங்களுக்கு அந்தப் பாட்டே வெறுத்துப்போனது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மூச்சை இழுத்து, எழுத்தெழுத்தாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல வாசித்தார். அடுத்த வாரம் அக்கா வேறு பாட்டுக்கு மாறினாள்.

அவள் கண்டி டவுனில் ஒரு புடவைக் கடையில் விற்பனைக்கு நின்றாள். வீடு மஹய்யாவ, நகரசுத்தித் தொழிலாளர் இருக்கும் இடம் என்று ஊர் ஒதுக்கிவைத்த பகுதி. நாற்பதைத் தொட்டிருப்பாள். கன்னத்தில் எப்போதும் ஒரு இஞ்சி டொபி ஒதுங்கியிருக்கும். பேசும்போது அது இடம் மாறும். யாரோடும் சத்தம் போட்டுச் சண்டை பிடித்து நான் பார்த்ததில்லை. யாராவது அவளை வெட்டிப் பேசினால், மிதித்தால், ஏமாற்றினால், டொபியை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்குத் தள்ளிவிட்டு மெல்லச் சொல்வாள்: "சரி. உனக்கு ஒரு பாட்டு இருக்கு."

நம் ஊரில் பாட்டு வாங்குவது என்றால் ஏச்சு வாங்குவது. அக்கா அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டாள். ஏசமாட்டாள். நிஜமாகவே பாட்டுப் போடுவாள், வானொலியில், ஊர் பெயரோடு, முழுப் பெயரோடு.

கடை மெனேஜர் ஒருமுறை விற்பனைப் பெண்களின் ஸ்டூல்களை எல்லாம் மேல்மாடிக்கு ஏற்றிவிட்டார். நின்றால்தான் வியாபாரம் ஓடுமாம். அவர் மட்டும் காசாளர் மேசைக்குப் பக்கத்தில் மெத்தை போட்ட கதிரையில் இருந்தார். கதிரையை விட்டு எழும்ப மனமில்லாத ஒருவனைக் கேலிசெய்யும் பழைய பாட்டு ஒன்றைத் தேடிப் பிடித்து, அவர் பெயருக்கும் அவர் குடும்பத்தார் பெயர்களுக்கும் அக்கா கேட்டு எழுதினாள். சனிக்கிழமை பகல், கடை நிறைய ஆட்கள், கடை ரேடியோவிலேயே அது போனது. சேலை பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் பெயரைக் கேட்டார்கள், பாட்டைக் கேட்டார்கள், பிறகு கதிரையைப் பார்த்தார்கள். திங்கட்கிழமை ஸ்டூல்கள் இறங்கி வந்தன.

இந்தக் கதையை அக்கா வாயாலேயே கேட்டபோது நான் கைதட்டினேன். அடுத்த கதைக்குத் தட்டவில்லை.

கலகெதரவிலிருந்து ஒருவர் அவளைப் பெண்பார்க்க வந்துபோயிருக்கிறார். வீட்டில் வைத்த பலகாரத்தை முழுக்கச் சாப்பிட்டுவிட்டு, மஹய்யாவ என்று முதலிலேயே சொல்லியிருந்தால் வந்திருக்கமாட்டோமே என்று வாசலில் நின்று சொன்னாராம். பிறகு வேறு இடத்தில் கட்டிக்கொண்டார். அந்தக் கல்யாண நாளை அக்கா எப்படியோ தெரிந்து வைத்துக்கொண்டு, வருடா வருடம் அன்றைக்கு அவருக்கும் மனைவிக்கும் ஒரு பாட்டுப் போட்டாள். வசைப் பாட்டு அல்ல. நல்ல, இனிமையான வாழ்த்துப் பாட்டு. கேட்பவர்: மஹய்யாவவிலிருந்து, அக்காவின் பெயர். மஹய்யாவ என்பதை மட்டும் அட்டையில் இரட்டைக் கோடிட்டு எழுதுவாள்.

அந்த நாள் வந்தால் அவர் வீட்டு ரேடியோவில் பற்றரி இருக்காதாம். அவரே கழற்றிவிடுவாராம்.

"பொண்டாட்டி கேக்கமாட்டாங்களா, ஏன் கழட்டுறீங்கன்னு?" என்றேன்.

"கேப்பா."

"அவங்க உங்களுக்கு ஒண்ணும் பண்ணலையே அக்கா."

டொபி இடம் மாறியது. "நான் என்ன கல்லா எறிஞ்சேன்? பாட்டு நல்ல பாட்டுதானே தங்கச்சி."

எனக்கு அன்றைக்கு லேசாகக் குளிர்ந்தது. இப்போது யோசித்தால், அவள் எனக்குப் பிடித்துப்போனதும் அன்றைக்குத்தான். மன்னிப்பதற்கு எல்லோரும் சொல்லித் தருகிறார்கள். மன்னிக்காமல் இருக்கும்போது கைவேலை எவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டும் என்பதை அவளிடம்தான் பார்த்தேன்.

இந்தக் கதைகளை எல்லாம் அவள் சொன்னது எங்கள் மண்டபத்தில். வருடத்துக்கு ஒருமுறை, பௌர்ணமி லீவான போயா நாள் ஒன்றில், எங்கள் நேயர் மன்றத்தின் மாநாடு அங்கே நடக்கும். தகரக் கூரை, பச்சைச் சுவர், ஒரு சின்ன மேடை, பின்னால் சமையல்கட்டு, அதற்கும் பின்னால் நிமிர்ந்து நிற்கும் மண்மேடு. கல்யாணம், சடங்கு எல்லாவற்றுக்கும் வாடகைக்கு விடும் மண்டபம்தான். ஆனால் எங்களுக்கு அது வானொலியின் உள்பக்கம். வருடம் முழுக்கக் காற்றில் பெயராக மட்டும் கேட்ட ஆட்கள் அன்றைக்கு முகத்தோடு வந்து இறங்குவார்கள். யாரும் "என் பெயர் இன்னது" என்று தொடங்கமாட்டார்கள். மைக்கைப் பிடித்து, அறிவிப்பாளர் வாசிக்கிற மாதிரி ஊரை முதலில் சொல்லி, கொஞ்சம் நிறுத்தி, பிறகுதான் பெயர். பெயர் வந்ததும் மண்டபமே "ஆ" என்று இரையும். பெரிய கம்பீரமான பெயருக்குச் சொந்தக்காரர் கட்டையாக, வெட்கப்பட்டுக்கொண்டு நிற்பார். லஞ்ச் ஷீட்டில் கட்டிய சோற்றுப் பார்சலைத் தின்றுகொண்டே எங்களுக்குள் ஆயிரம் சிரிப்பு.

அக்காவை நான் முதலில் பார்த்ததும் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். மைக்கில் வத்தேகம என்று சொல்லி முடித்து இறங்கினதும் ஒரு பெண் வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ரேடியோல கேட்டா ஒல்லியான பேரா இருந்துச்சு. நீ குண்டா இருக்க" என்றாள். பிறகு ஒரு இஞ்சி டொபி தந்தாள்.

மண்டபத்துக்குப் பின்னால் இருந்த காணியை முதலாளி வாங்கியது அதற்கடுத்த வருடம். கட்டட ஒப்பந்தக்காரர்; டவுனில் ஹார்ட்வெயார் கடையும் இருந்தது. வாகனம் நிறுத்த இடம் வேண்டும் என்று பெக்கோ மெஷினைக் கொண்டுவந்து மேட்டின் அடியை வெட்டினார். முதலில் ஒரு லொறி நிற்கும் அளவு. பிறகு இரண்டு. மேடு, கீழ்ப்பல் விழுந்த வாய்போல ஆகிவிட்டது. மண்டபக் காவல்காரரும் அவர் மனைவியும் சமையல்கட்டில்தான் குடியிருந்தார்கள். மழை பெய்தால் அடுப்படிக்குள் சிவப்புத் தண்ணீர் வருகிறது என்று அந்த அம்மா அக்காவிடம் காட்டினார். பின்சுவரில் கோணலாக ஒரு வெடிப்பு. அடுத்த முறை போனபோது அதற்குள் அக்காவின் விரல் போனது.

அக்கா எங்கள் மன்றத் தலைவரிடம் சொன்னாள். தலைவர் யாழ்ப்பாணத்துக்காரர், தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், யாரையும் நோகடிக்கத் தெரியாதவர். அவர் நல்ல தமிழில் ஒரு முறைப்பாடு எழுதினார். அதிகாரிகள் இரண்டு பேர் வந்தார்கள், முதலாளியின் கடையில் தேத்தண்ணீர் குடித்தார்கள், மேட்டைச் சாலையிலிருந்தே பார்த்துவிட்டுப் போனார்கள். அக்கா நேரே முதலாளியிடமே போய்க் கேட்டிருக்கிறாள். மேடு என்ன உங்க அப்பன் வீட்டு மேடா என்று கேட்டாராம்.

"சரி முதலாளி, உங்களுக்கு ஒரு பாட்டு இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அதற்கு அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும். பொருத்தமான பாட்டுக் கிடைக்க இரண்டு மூன்று கிழமை ஆனது. பேராசைக்காரன் ஒருவன் தன் காலுக்குக் கீழேயே தோண்டித் தானே விழுவதைப் பற்றி ஒரு தத்துவப் பாட்டு. முதலாளியின் முழுப் பெயர், கடைப் பெயர், ஊர். அது ஒலிபரப்பான மாலை நாங்கள் எல்லோரும் அவரவர் வீட்டில் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தோம். அறிவிப்பாளர் அத்தனையையும் ஒரு பிசகில்லாமல் வாசித்தார். இனி முதலாளி வெளியே தலைகாட்டமாட்டார் என்று நான் நினைத்தேன். எனக்கு அப்போது மனிதர்களைப் பற்றி அவ்வளவுதான் தெரிந்திருந்தது.

முதலாளிக்கு ஆனந்தம் தாங்கவில்லை.

வாழ்நாளில் முதல்தடவை அவர் பெயர் ரேடியோவில் வந்திருக்கிறது. கடைப் பெயரும் வந்திருக்கிறது, ஒரு சதம் விளம்பரச் செலவில்லாமல். கடைப் பையன்களுக்கு ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்தாராம். மறுநாளே தலைவரைத் தேடிப் போய், இவ்வளவு காலமும் உங்கள் மன்றத்தின் அருமை தெரியாமல் இருந்துவிட்டேன் என்று சொல்லி, மாநாட்டுக்குப் புது ஸ்பீக்கர் செட் அன்பளிப்புச் செய்வதாக வாக்குக் கொடுத்தார். தலைவர் அவரைப் பிரதம விருந்தினராக்கிவிட்டார்.

அந்த மாநாட்டை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். புது ஸ்பீக்கரில் அந்தத் தத்துவப் பாட்டையே திரும்பவும் போடச் சொன்னார் முதலாளி. தலையாட்டிக்கொண்டு கேட்டார். பிறகு தலைவர் மைக்கில், பிரதம விருந்தினருக்கு மாலை அணிவிக்க என்று அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவருடைய பெயரை வானலைக்கு அறிமுகப்படுத்தியவர் அவள்தானே.

அக்கா மாலையை வாங்கினாள். முதலாளி தலையைக் குனிந்தார். அக்கா அவரைத் தாண்டிப் போய் மாலையை மைக்கின் கம்பத்துக்குப் போட்டாள்.

மண்டபம் ஒரு கணம் முழித்தது. பிறகு ஒரே கைதட்டல். வானொலிக்கே மாலை போட்டுவிட்டாளாம்; என்ன பக்தி என்று எனக்குப் பக்கத்தில் ஒருவர் கண்ணைத் துடைத்தார். முதலாளியும் தட்டினார். நான் மேடைக்குக் கீழே, நெருக்கமாக நின்றிருந்ததால் அவர்கள் பேசியது கேட்டது.

"முதலாளி, நான் உங்களுக்குப் போட்டது வாழ்த்துப் பாட்டு இல்ல."

"எந்தப் பாட்டா இருந்தா என்னம்மா" என்றார் அவர், கைதட்டலை நிறுத்தாமல். "பேர் வந்துச்சே."

அக்காவின் கன்னத்தில் டொபி அசையவில்லை. அவள் கையில் வைத்திருந்த ஒரே ஆயுதம் பாட்டு. வெட்கம் உள்ளவர்கள்மேல் மட்டுமே அது வேலை செய்யும் என்பது அவளுக்கு அந்த மேடையில்தான் தெரிந்திருக்கும். அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும்போது பஸ் தரிப்பு வரைக்கும் என்னோடு நடந்து வந்தாள். பஸ் வந்ததும் சொன்னாள்: "தப்பு என்னோடதுதான் தங்கச்சி. மறைச்சுச் சொன்னா இவனுக்கெல்லாம் வெளங்காது."

அதற்குப் பிறகு அவள் யாருக்கும் பாட்டுப் போட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

அடுத்த மாநாடு நடக்கவில்லை. அதற்கு முதல்நாள் காலையில் மண்டபம் போய்விட்டது. நாலைந்து நாளாக விடாத மழை. உள்ளே தண்ணீர் நிற்கிறது என்று காவல்காரர் சொல்லி அனுப்ப, அக்கா கடைக்கு லீவு போட்டுவிட்டுத் தண்ணீரைத் தள்ளப் போனாள். காவல்காரர், அவர் மனைவி, அக்கா. வெட்டிய மேடு ஒரே தடவையாக இறங்கி, சமையல்கட்டை நசுக்கி, மண்டபத்தையும் தள்ளிக்கொண்டு சாலை வரைக்கும் வந்தது. நான் போய்ச் சேரும்போது பச்சைச் சுவரின் ஒரு துண்டு மட்டும் மண்ணில் செருகி நின்றது. ஸ்பீக்கர் பெட்டி ஒன்று, உறைகூடக் கிழியாமல், சாலையோரத்தில் கிடந்தது.

தோண்டுவதற்கு பெக்கோ வேண்டியிருந்தது. யாருடைய பெக்கோ பக்கத்தில் நின்றதோ அதுவே வந்தது. மேட்டின் காலை வெட்டிய அதே இரும்புக் கை, அதே மஞ்சள் நிறம். முதலாளி குடையைப் பிடித்துக்கொண்டு, இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று காட்டிக்கொண்டிருந்தார். அந்தப் படம் பத்திரிகையில் வந்தது. மீட்புப் பணிக்கு இயந்திரம் தந்துதவிய இன்னார். பேர் வந்துச்சே.

விசாரணையில் இயற்கை அனர்த்தம் என்று எழுதினார்கள். மழைக்கு வக்கீல் இல்லை. மறுத்துப் பேச அதனால் முடியாது. பிறகு அவர் அதே சாலையோரத்தில் அந்தத் தரிப்பிடத்தைக் கட்டினார். சனம் மழைக்கு ஒதுங்குகிறது, நல்ல மனுஷன் என்கிறது.

யோசனை வந்த அன்றே நான் தலைவர் வீட்டுக்குப் போனேன். மண்டபம் போனதிலிருந்து அவர் ரேடியோ போடுவதில்லை. முழுவதையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பிள்ளை, கல்லில என்ன கிடக்கு? இயற்கை எண்டுதானே. நீ ஏன் சும்மா கிண்டிறாய்?"

"கிண்டுனது நான் இல்லைங்க ஐயா. பெக்கோ."

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். மான நஷ்ட வழக்குப் போடுவான், என் படிப்பும் இனிமேல் கிடைக்கப்போகும் வேலையும் போய்விடும் என்று எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். எல்லாம் உண்மை. எனக்கு வழக்கு வேண்டும் என்றேன். வழக்கு வந்தால்தான் மேட்டை யார் வெட்டியது என்று யாராவது எழுந்து நின்று கேட்க வேண்டிவரும். இயற்கைமேல் வழக்குப் போட முடியாது. என்மேல் போடலாம் அல்லவா, போடட்டும்.

நான் வாசலுக்கு வந்து செருப்பைப் போடும்போது அவர் பின்னால் வந்தார். "எந்த நம்பருக்கு எடுக்கோணும்?" என்றார். "கடைசியா எனக்கு விடு. மாலை வாங்கிக்கொண்டு வந்தவன் நான்தானே."

அக்கா தபாலட்டையோடு நின்றுவிட்டாள். எனக்கு நேரடி நிகழ்ச்சி இருக்கிறது. முதலில் ஓர் உதவியாளர் எடுத்து, எந்த ஊர், என்ன பாட்டு என்று விசாரிப்பார். அவரிடம் குழைய வேண்டும். பஸ்ஸில் கேட்ட பையனைப்போல மழையைப் பற்றி விசாரிக்க வேண்டும். வீட்டில் சொல்லிப் பழகிவிட்டேன், என் குரலைக் கேட்டு எனக்கே குமட்டுகிறது. பிறகுதான் அறிவிப்பாளர். முதலாளியின் பெயரைச் சொன்னதும் அவர்கள் இணைப்பை வெட்டுவார்கள், தெரியும். வெட்டட்டும். மாநாட்டுக்கு வந்துகொண்டிருந்தவர்கள் எல்லோரிடமும் பேசிவிட்டேன். அந்த ஒரு மணித்தியாலம் முழுக்க அந்த நம்பருக்கு எங்கள் ஆட்கள் மட்டும்தான் அடித்துக்கொண்டிருப்போம். என்னை வெட்டிய இடத்திலிருந்து கலகெதர நேயர் தொடங்குவார். கலகெதரவை வெட்டினால் மஹய்யாவ. ஊர் முதலில், பெயர் பிறகு, மாநாட்டில் சொன்ன மாதிரியே. கூரை இல்லாவிட்டால் மாநாடு நடக்காது என்று யார் சொன்னது?

இதை வாசித்துவிட்டு யாராவது முதலாளியிடம் சொல்லலாம். சொல்லுங்கள். அவர் ரேடியோவுக்குப் புது பற்றரி போட்டு வைத்திருக்கட்டும். பெயர் வருவதென்றால் அவர் கழற்றமாட்டார்.

மழை பெய்து மேடு இறங்கி வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு ஒரு வருடம். அறிவிப்பாளர் வழக்கம்போலச் சிரித்துவிட்டு, இந்தப் பாட்டை யாருக்காகக் கேக்குறீங்க என்று கேட்பார். மூன்று பெயரையும் சொல்வேன். அக்காவின் பெயரை ஒரு எழுத்தும் விழாமல், நெடிலை நெடிலாகவே சொல்வேன். அவர் பாட்டைப் போட ஆயத்தமாவார். அந்த இடைவெளியில், அவர் கேட்காத கேள்விக்கு நான் பதில் சொல்லப்போகிறேன்: யாரால்.